உள்ளங்கால் மேடு

கோட்டில் எல்லோருக்கும் சாய்ந்துகொள்ள ஏதாவது ஒன்று இருக்கிறது. நீதிபதித் துரைக்கு முதுகு உயர்ந்த நாற்காலி. வழக்குப் பேசுகிற பிறக்கிராசிமாருக்கு மேசை. கோழி திருடிப் பிடிபட்டவனுக்குக்கூடக் கூண்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஒன்றுமே இல்லாமல் காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை நட்டநடுவில் நிற்கிறவர் துவிபாஷி ஒருவர்தான். துரையின் இங்கிலீசைத் தமிழாக்கிக் கூண்டுக்குக் கொடுப்பதும், கூண்டின் தமிழை இங்கிலீசாக்கித் துரைக்குக் கொடுப்பதும் அவர் வேலை. வாவிக்கரையில் இருந்த எங்கள் கோட்டில் இருபத்தேழு வருஷமாக அந்த வேலையைப் பார்த்தவர் காத்தான்குடி ஆதம்லெவ்வை.

நான் கதிராமத்தம்பி. கோட்டுக்கு எதிரே வாகை மரத்தடியில் மேசை போட்டுப் பெட்டிசன் எழுதுகிறவன். யாருக்கும் எழுதுவேன், யாரைப் பற்றியும் எழுதுவேன். காலையில் மாமியார்மேல் மருமகனுக்கும், மத்தியானம் அதே மருமகன்மேல் மாமியாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் என்னை நல்ல மனுசன் என்றுதான் சொல்லிக்கொண்டு போனார்கள். இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பின்னால் ஓர் இடத்தில் நீங்கள் என்னைத் திட்டப் பார்ப்பீர்கள்.

அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற ஆதம்லெவ்வை அப்படி இல்லை. ஒரு சொல்லை விடமாட்டார், ஒரு சொல்லைச் சேர்க்கமாட்டார். ஒருமுறை களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள் ஒருவன் தீர்ப்பைக் கேட்ட ஆத்திரத்தில் துரையைப் பார்த்து, "இந்த வெள்ளைப் பண்டி செத்துத் துலையணும்" என்று கத்திவிட்டான். காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் பணிவாக, அதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். அந்த ஆளுக்கு மறியல் தண்டனை இன்னும் ஒரு மாதம் கூடியது. வெளியே வந்ததும், ஏன் காக்கா, கொஞ்சம் மழுப்பியிருக்கலாமே என்றேன்.

"அவன் செல்லினத்த நான் மாத்தினா, நாளைக்கு ஒரு கொலைக் கேசில நான் செல்லுறத ஆரு நம்புறது கதிராமர்?" என்றார். பிறகு பன்றியின் பேரைச் சொன்ன வாயைக் கொப்பளிக்கக் கிணற்றடிக்குப் போனார்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டில் ஐம்பத்தைந்து வயது முடியப் போகிறது. ஐம்பத்தைந்தில் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிவிடும். துரை சிபாரிசு பண்ணினால் இன்னும் ஐந்து வருஷம் நீடிப்புக் கிடைக்கும். காக்காவுக்கு அந்த ஐந்து வருஷம் கட்டாயம் வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மூத்தவளுக்குத் தன் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டார். இளையவள் ஸகியாவின் வீடு ஆளுயரச் சுவரோடு கூரை இல்லாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றது. சம்பளம் நின்றால் அந்தச் சுவரும் அங்கேயே நிற்கும், ஸகியாவும் அப்படியே நிற்பாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்தது. நீடிப்புக் கேட்பவர்களை டாக்டர் பார்க்க வேண்டும், கண், காது, நெஞ்சு, பாதம் எல்லாம் சோதிக்க வேண்டும், நின்று செய்கிற வேலையென்றால் பாதத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. சிறையில் காவல் நின்ற ஒருவனை அதற்கு முந்திய வருஷம்தான் தட்டைப் பாதம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காக்கா இதைக் கேட்டதும் என் மேசைக்கு வந்தார்.

"தட்டைப் பாதமெண்டா என்ன?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லுகிற பழக்கமும் எனக்கு இல்லை. பழைய இங்கிலீசுப் பத்திரிகை ஒன்றில் சப்பாத்து விளம்பரம் பார்த்த ஞாபகம் இருந்தது. அதைத் தேடி எடுத்தேன். காலை நனைத்துக் காகிதத்தில் வையுங்கள், உள்ளங்கால் நடுவில் ஈரம் படாமல் வளைவாக இடம் இருந்தால் நல்ல பாதம், முழுதும் ஈரமானால் தட்டைப் பாதம் என்று போட்டிருந்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றி, ஒரு பெட்டிசன் தாளில் அவரை மிதிக்கச் சொன்னேன். ஓர் இடமும் விடாமல் முழுப் பாதமும் தோசைபோல விழுந்தது. என் காலையும் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். ஆனால் நான் உட்கார்ந்து பிழைக்கிறவன், என் பாதத்தைப் பற்றி அரசாங்கத்துக்குக் கவலை இல்லை.

அதே விளம்பரத்தின் அடியில் மருந்தும் இருந்தது. சப்பாத்துக்குள் போட்டு மிதிக்கிற உள்தோல். நடுவில் மேடு, மேட்டுக்குக் கீழே உருக்குத் தகடு. பன்னிரண்டு வாரம் இடைவிடாமல் போட்டால் தட்டைப் பாதத்தில் வளைவு எழும்பும், நிற்கிறவர் கம்பம்போல அசையாமல் நிற்பார் என்று உறுதி கூறியிருந்தார்கள். காக்காவின் பேரில் கொழும்புக்கு எழுதிப் போட்டவன் நான்தான். இருபத்தேழு வருஷம் அந்தத் தட்டைப் பாதத்தில் அசையாமல் நின்ற மனுசனுக்கு அசையாமல் நிற்க மருந்து எதற்கு என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். இங்கிலீசு தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூடியதால் தோன்றவில்லை.

ஐப்பசி கடைசியில் பொட்டலம் வந்தது. வாகை மரத்தடியிலேயே சப்பாத்துக்குள் போட்டு எழும்பி நின்றார்.

"எப்பிடி காக்கா?"

"சிரட்டையில ஏறி நிக்கிற மாதிரி இரிக்கி," என்றார். "ஆருக்கிட்டயும் செல்லிராதீங்க. பாதம் பழுது எண்டு கோட்டுக்குத் தெரிஞ்சா டாக்டரிட்ட போறதுக்கு முன்னமே என்ட பேர வெட்டிருவானுகள்."

அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. மாமாங்கேஸ்வரர்மேல் பண்ணினேன்.

காக்கா கோட்டுக்கு வெள்ளைக் கோட்டும், சாரனும், சப்பாத்தும், சிவப்புத் துருக்கித் தொப்பியும் போட்டு வருவார். தொப்பியின் உச்சியிலிருந்து கறுப்புக் குஞ்சம் ஒன்று காதுவரை தொங்கும். இருபத்தேழு வருஷமாக அந்தக் குஞ்சம் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. உள்தோல் போட்ட மூன்றாம் நாள் அது ஆடத் தொடங்கியது. முதலில் கொஞ்சம் இடப்பக்கம், பிறகு கொஞ்சம் வலப்பக்கம். மத்தியானத்துக்குப் பிறகு நன்றாகவே ஆடியது. ஆளைப் பார்த்தால் சும்மா நிற்கிறமாதிரித்தான் இருக்கும், குஞ்சம் மட்டும் காட்டிக் கொடுத்துவிடும். வழக்குக் கேட்க வருகிற சனத்துக்கு வழக்கைவிட அது சுவாரசியமாகப் போய்விட்டது. பின்வாங்குப் பலகையில் இருந்தவர்கள் அடுத்தது எந்தப் பக்கம் என்று பந்தயம் கட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை, கோடு இல்லாத நாளில், அவரை மரத்தடிக்கு வரச் சொல்லிப் பரீட்சை வைத்தேன். சப்பாத்தோடு நின்று கண்ணை மூடச் சொன்னேன். நூறு எண்ணுவதற்குள் குஞ்சம் காதில் பதினேழு தரம் அடித்தது. உள்தோலைக் கழற்றிவிட்டு வெறும் சப்பாத்தோடு நிற்கச் சொன்னேன். இரண்டு தரம். சப்பாத்தையும் கழற்றி மண்ணில் வெறுங்காலோடு நிற்க வைத்தேன். நூறும் எண்ணி முடிந்தது, குஞ்சம் தூங்கிக்கொண்டு இருந்தது.

"காக்கா, பழுது உங்கட கால்ல இல்ல. இந்தத் தோல்லதான். கழட்டி வாவிக்குள்ள எறிங்க."

அவர் கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தோடு வந்த அச்சுத் தாளை எடுத்தார். நாலாக மடித்து வைத்திருந்தார். "இஞ்ச பாருங்க. 'ஆரம்ப வாரங்களில் சிறிது தள்ளாட்டம் தோன்றலாம். இது பாதம் கற்றுக்கொள்கிறது என்பதற்கு அடையாளம்.' மறுகா இதையும் பாருங்க. 'ஒரு நாள் விட்டாலும் பலன் கெட்டுவிடும்.'"

"அது விக்கிறவன் எழுதினது காக்கா."

"அச்சில இரிக்கி," என்றார். எழுத்தில் உள்ளதை ஒரு சொல் விடாமல் பின்பற்றிப் பழகிய மனுசன். அதற்கு மேல் அவரோடு பேசிப் பலன் இல்லை.

இதற்குள் வாவியைக் கடந்து காத்தான்குடிக்குச் செய்தி போய்விட்டது. துவிபாஷி கோட்டில் ஆடுகிறார். ஒரு முஸ்லிமான மனுசன் பட்டப்பகலில் நின்ற இடத்தில் ஆடினால் சனம் அவருடைய சப்பாத்தைச் சந்தேகப்படாது.

அங்கே ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழியில் வருகிற ஒவ்வொரு வம்சத்துக்கும், பள்ளிவாசலில் அதன் பிரதிநிதியாக ஒரு மரைக்கார் உண்டு. காக்காவின் குடிக்கு உசனார் மரைக்கார். எழுபது தாண்டியவர், முழங்கால் வாதக்காரர், பதவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்கார வேண்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய மனதில் இருந்தவர் ஆதம்லெவ்வை. அதே குடியில் நெல் வியாபாரம் செய்கிற முனாப்பின் மனதில் இருந்தவர் முனாப்.

ஒரு நாள் முனாப் என் மேசைக்கு வந்தார். நல்ல உடுப்பு, நல்ல வாசனை, நல்ல பேச்சு.

"கதிராமர், ஒரு பெட்டிசன் எழுதணும். பேர் போடாத பெட்டிசன்."

"ஆருக்கு எதிரா?"

"எதிரா எண்டு இல்ல. ஊர்ர நன்மைக்கு."

ஊருடைய நன்மைக்கு என்று தொடங்குகிற பெட்டிசன்களில் யாராவது ஒருவருடைய சோற்றில் மண் விழாமல் முடிந்ததை நான் கண்டதில்லை. முனாப் நியாயமாகவே பேசினார். "நானும் பள்ளியில கவனிச்சுப் பாத்தன். சுபஹுக்கு வாறார், தூண் மாதிரி நிக்கார். மஃரிபுக்கு வாறார், தூண் மாதிரி நிக்கார். வெள்ளிக்கிழம ஜும்மாவிலயும் அசையிறார் இல்ல. கோட்டில நிண்டா மட்டும் ஆடுறார். அப்ப எங்க வெச்சுக் குடிக்கார்? கோட்டிலதான்! தொழுகைக்கு முன்ன வெறி இறங்குற அளவா அளந்து குடிக்கார் மனுசன்."

பள்ளிக்குள் சப்பாத்துப் போகாது என்பது அந்த ஊரில் முனாப்புக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் குடிக்கிறவனைத் தேடுகிறவனுக்குக் கால் கண்ணில் படாது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தியம் குறுக்கே நின்றது என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். நான் எழுதாவிட்டால் முனாப் அடுத்த மேசைக்காரனிடம் போவார், அவனுடைய இங்கிலீசில் ஒரு நல்ல மனுசன் அவமானப்படுவதைவிட என்னுடைய இங்கிலீசில் படட்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பேனையை எடுத்தால் எனக்குக் கண் தெரியாது. அந்தப் பெட்டிசன் நான் எழுதியவற்றில் மிக நன்றாக வந்த ஒன்று. எழுதும்போது வெட்கம் வரவில்லை, மை காய்ந்த பிறகுதான் வந்தது.

கடைசியில் முனாப், "விசாரிச்சா மெய் செல்லக்கூடிய ஆக்கள் எண்டு ரெண்டு பேர்ர பேரப் போடுங்க" என்றார். உசனார் மரைக்காருடைய பேரையும் தன்னுடைய பேரையும் சொன்னார். பேர் போடாத பெட்டிசனில் தன் பேரைச் சாட்சியாகப் போடாத ஆளை இந்த மாகாணத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

மார்கழி மழை பிடித்த ஒரு வியாழக்கிழமை துரை எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர். சிவந்த மூக்கு, நல்ல மனது, நாலு மணிக்குப் பிறகு கோட்டில் இருக்கப் பிடிக்காதவர். கையெழுத்தைக் கண்டுபிடித்து என்னையும் வரவழைத்திருந்தார்கள். மரைக்காரையும் முனாப்பையும் வாங்கில் இருத்தினார்கள். மொழிபெயர்க்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"உன் வழக்குக்கும் நீதான்," என்று துரை சிரித்துக்கொண்டு பெட்டிசனை அவர் கையில் கொடுத்தார். "இவர்களுக்கு வாசித்துக் காட்டு."

காக்கா வாசித்தார். நான் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினார். 'மதுவின் அடிமை' என்று எழுதியிருந்தேன், அப்படியே சொன்னார். 'பள்ளிவாசலையும் நீதியையும் ஒரே நாளில் ஏமாற்றுகிறவர்' என்று எழுதியிருந்தேன், அதற்கும் சரியான தமிழைத் தேடி எடுத்துச் சொன்னார். எங்கும் மழுப்பவில்லை, எங்கும் வேகமாக ஓடவில்லை. முடித்து மடித்து மேசையில் வைத்தார். குஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"என்ன சொல்கிறாய்?" என்று துரை கேட்டார். "நான் கண்டிப்பானவன் இல்லை. எனக்கு வேண்டியது, நிற்கக்கூடிய ஒரு துவிபாஷி. உன் காலில் கையில் ஏதும் பழுது என்றால் சொல், இன்றைக்கே டாக்டருக்கு எழுதுகிறேன். இல்லை, மழைக்குளிருக்கு ஒரு வாய் எடுத்தாய் என்றால் அது வேறு கதை, மனுசனுக்கு மனுசன் புரிந்துகொள்ளலாம்."

காக்காவின் முகத்தை நான் பார்த்தேன். கால் என்று சொன்னால் வேலை போகும். வாய் என்று சொன்னால் ஊர் போகும். இடப்பக்கம் ஐந்து வருஷமும் ஸகியாவின் கூரையும் இருந்தன, வலப்பக்கம் வாங்கில் உசனார் மரைக்கார் இருந்தார்.

துரையைப் பார்த்து இங்கிலீசில் சொன்னார்: "மன்னிக்க வேண்டும் துரை. குளிருக்காகக் கொஞ்சம் பிராந்தி எடுத்தேன்."

பிறகு வாங்கைப் பார்த்துத் திரும்பினார். "துரைக்கு நான் செல்லினது இதுதான் மரைக்கார். என்ட கால் தட்டைப் பாதம். அதுக்கு எண்டு சப்பாத்துக்குள்ள ஒரு தோல் போட்டன். அது எனக்கி ஒத்துக்கொள்ளல்ல. அதாலதான் ஆட்டம். அல்லாஹ் அறிய ஒரு சொட்டு என்ட வாயில பட்டதில்ல."

இரண்டு வாக்கியத்தையும் ஒரே குரலில், ஒரே பணிவோடு சொன்னார். அறையில் இரண்டும் விளங்கியவன் நான் ஒருவன்தான்.

மரைக்கார், "எங்க, அந்தத் தோலக் காட்டுங்க பாப்பம்" என்றார். காக்கா குனிந்து சப்பாத்தைக் கழற்றி உள்தோலை எடுத்துக் கொடுத்தார். மரைக்கார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெருவிரலால் மேட்டை அமுக்கிப் பார்த்து, "இதுல ஏறி நிண்டா வெள்ளாடும் ஆடும்" என்றார். முனாப் அதைக் கையால் தொடவில்லை.

"என்ன நடக்கிறது?" என்றார் துரை.

"சப்பாத்தின் அடி எவ்வளவு மெல்லியது, ஈரம் எப்படி ஏறிக் குளிர்கிறது என்று காட்டினேன், துரை."

"அவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"இரக்கப்படுகிறார்கள்."

துரை தலையாட்டினார். ஆனாலும் அவர் நீதிபதி. தன் வழக்கைத் தானே மொழிபெயர்த்த ஆளை அப்படியே விடக்கூடாது என்று பட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, "நீ இரண்டு மொழியும் தெரிந்தவன். இவர் சொன்னதைச் சரியாகத்தான் சொன்னாரா?" என்று கேட்டார்.

காக்கா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் வெறும் மேசு உறையோடும் அவர் நின்ற நிலை இப்போதும் எனக்குத் தெரிகிறது.

"ஒரு சொல் விடாமல், துரை," என்றேன்.

வழக்கு முடிந்தது. மரைக்கார் எழும்பிக் காக்காவைக் கட்டிப் பிடித்து ஸலாம் சொன்னார். அதைக் கண்டு துரைக்குக் கண் கலங்கியது. குடித்தவனை மன்னிக்கிற சனம் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் வெள்ளி மாலை நான் காத்தான்குடிக்குப் போனேன். பெட்டிசன் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் கேட்க இடம் கிடைக்கவில்லை. காக்காவின் வீட்டு வாசலில் பாய் போட்டு உசனார் மரைக்காரும் முனாப்பும் இருந்தார்கள். மரைக்கார் முனாப்பைக் கையோடு கூட்டி வந்திருந்தார், சமாதானம் பண்ணி வைக்க. காக்காவின் மனைவி ஆசியா உம்மா உள்ளேயிருந்து தேத்தண்ணியும் பணியாரமும் அனுப்பினார். கணவன் வெறிகாரன் என்று ஊர் பேசிய ஒரு மாதமும் அவர் கிணற்றடிக்குக்கூட வெளியே போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்போது கோட்டுப் பியோன் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் காகிதம் சுற்றிய ஒரு போத்தலும் ஒரு கடிதமும். துரை கொடுக்கச் சொன்னார் என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

காக்கா கடிதத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க முகத்தில் ரத்தம் இறங்கியது.

"என்ன எழுதிரிக்கார் துரை?" என்று மரைக்கார் கேட்டார்.

காக்கா வாயைத் திறந்தார். இருபத்தேழு வருஷத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பு வராமல் நின்றது அன்றைக்குத்தான். நான் கடிதத்தை வாங்கினேன். இப்படி இருந்தது: 'உன் நீடிப்புக்கு இன்று சிபாரிசு அனுப்பிவிட்டேன். அந்தப் பிராந்தியைக் குடித்துவிட்டு ஆறு மணி நேரம் விழாமல் நிற்கிறவனுக்கு வைத்தியப் பரிசோதனை தேவையில்லை என்றும் எழுதிவிட்டேன். ஆனால் அந்த மட்டமான சரக்கை விட்டுவிடு. இது ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. இதைக் குடித்தால் ஆட்டம் வராது.'

"துரை காக்காட காலுக்குத் தைலம் அனுப்பிரிக்கார்," என்றேன். "நீடிப்பும் கிடைச்சிட்டாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் மரைக்கார். "தைலமா? இஞ்ச கொண்டாங்க. என்ட முழங்கால் ஒரு மாசமா மடியிதில்ல." நானும் காக்காவும் தடுக்க முன்னமே மூடியைத் திருகி, உள்ளங்கையில் ஊற்றி, சாரனை உயர்த்தி இரண்டு முழங்காலிலும் தேய்த்துவிட்டார். வாசல் முழுக்க மணந்தது. "இங்கிலீசு மருந்து எல்லாம் இப்பிடித்தான். ஆசுப்பத்திரியிலயும் இதே மணந்தான்," என்று சொல்லிக்கொண்டு, "முனாப், கையக் காட்டுங்க. உங்கட தோள்மூட்டுக்கும் கொஞ்சம்" என்று அவருடைய கையிலும் ஊற்றினார்.

முனாப் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். கண்ணிமை ஒருதரம் அடித்தது. அது என்னவென்று மட்டுமல்ல, எத்தனை வருஷத்துச் சரக்கு என்பதுகூட அந்த முகத்துக்குத் தெரிந்துவிட்டது. போத்தலைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சொல்லைச் சொன்னால் மரைக்கார் கேட்கப் போகிற முதல் கேள்வி என்னவென்பதும் அவருக்குத் தெரிந்தது.

"என்ன முனாப், தைலம் நல்லதா?" என்றார் மரைக்கார்.

"ஓம்," என்றார் முனாப். "நல்ல தைலம்."

மாலைத் தொழுகைக்கு மஃரிபு பாங்கு கேட்டது. மரைக்கார் எழும்பப் பார்த்தார். காக்கா அவருடைய தோளைப் பிடித்து இருத்திவிட்டு உள்ளே ஓடினார். ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு வந்தார். "கழுவிப்போட்டுத்தான் தொழப் போகணும் மரைக்கார்," என்று சொல்லித் தரையில் குந்தி, கிழவனுடைய முழங்கால் இரண்டையும் தன் கையால் கழுவினார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். கண்ணீர் விழுந்துகொண்டு இருந்தது, வாளித் தண்ணீரில் அது யாருக்கும் தெரியவில்லை.

மரைக்காருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "கோட்டில துரைக்குப் பக்கத்தில நிக்கிற மனுசன் என்ட காலக் கழுவுறார். எனக்குப் பிறகு இந்தக் குடிக்கு மரைக்கார் ஆதம்லெவ்வைதான். முனாப், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்க," என்றார்.

முனாப் கேட்டுக்கொண்டு இருந்தார். அவரை யாரும் கழுவச் சொல்லவில்லை. தானாகவே வாளிக்குப் போய், கையை மூன்றுதரம் கழுவினார். நிமிரும்போது நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். அதற்குப் பிறகு அவர் என் மேசைப் பக்கம் வரவே இல்லை.

அவர்கள் போன பிறகு காக்கா போத்தலை வேலியடியில் கவிழ்த்து ஊற்றினார். உள்தோல் இரண்டையும் அதே ஈர மண்ணில் புதைத்தார். கால் கை கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"பெட்டிசன் உங்கட எழுத்துத்தான் எண்டு முதல் வரியிலயே தெரியும் கதிராமர்," என்றார். "நல்லா எழுதியிருந்தீங்க."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தொழுகைக்கு நேரமாகிறது என்று போனார்.

திங்கட்கிழமை கோடு கூடியது. காக்கா வெறும் சப்பாத்தோடு நடுவில் நின்றார், ஒரு மயிரிழை அசையவில்லை. துரை கண்ணாடிக்கு மேலால் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்தியோடு முன்னுக்குச் சாய்ந்து, "பார்த்தாயா, நான் சொன்னேனே," என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆம் துரை," என்றார் காக்கா.

முதல் வழக்கு, கள்ளச் சாராயம் குடித்துவிட்டுச் சந்தையில் விழுந்து கிடந்த ஒரு வண்டிக்காரன். துரை அவனுக்கு அபராதம் போட்டுவிட்டு, குடி மனுசனை எப்படிக் கெடுக்கும், மானம் மரியாதையோடு வேலை பார்க்கிற ஒருவன் எப்படி நடக்க வேண்டும் என்று நீளமாகப் புத்தி சொன்னார். சொல்லி முடித்து, கடைசியில் துவிபாஷியைக் கையால் காட்டி, "இதோ, இவரைப் பார்" என்றார்.

காக்கா அதைத் தமிழில் சொன்னார். ஒரு சொல் விடவில்லை.